‘ஓம்’ என்ற பதிலை நம்பாதவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் அம்பலவாணர் ஐயா அவர்களே, மேடையிலுள்ள பங்குத்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, மனைவியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாள்ஸ் அங்கிள் அவர்களே, தாதிய உத்தியோகத்தர்களே, குறிஞ்சிப்பிட்டி மக்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி உண்டாகட்டும்.

மறைந்த தாதிய போதனாசிரியை திருமதி எமிலியா சாள்ஸ் அவர்களைப் பற்றிப் பேச, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை ஏன் அழைத்தார்கள் என்று சிலர் நினைக்கக்கூடும். நான் அவரிடம் படித்த தாதி அல்லேன். அவருடைய நோயாளி. அதுவும் உண்மையான நோயாளி அல்லேன்.

ஓய்வு பெற்ற பிறகு எமிலியா மிஸ் இந்த மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் இளம் தாதியருக்கு ஒரு வகுப்பு நடத்தினார். ஊசி போடுவதைப் பற்றிய வகுப்பு அல்ல; நோயாளியிடம் எப்படிக் கதைப்பது, நோயாளி சொல்வதை எப்படிக் கேட்பது என்ற வகுப்பு. அதில் நோயாளியாக நடித்து, அதோ அந்த நீண்ட மர வாங்கில் படுத்திருந்தவள் நான். மிஸ் நோயில் விழுந்த நாளிலிருந்து வகுப்பு நடக்கவில்லை. இனி நடக்காது என்றும் ஊரில் கதைக்கிறார்கள். நான் பேச வந்தது அதைப் பற்றியும்தான்.

அந்த வகுப்பு ஏன் தொடங்கியது? அதற்குக் காரணம் கரைத்தீவில் இருக்கும் என் மாமி ஜுனைதா. இதைச் சொல்வதற்கு உடப்பைச் சேர்ந்த தாதி சுஜாந்தி அக்காவிடம் அனுமதி கேட்டேன். “சொல்லு. அதைச் சொல்லாட்டி மிஸ்ஸைப் பற்றி வேற என்னத்தைச் சொல்லப் போறாய்?” என்றார்.

மாமிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ஒரு நோன்பு மாதத்தில் அவர் வைத்தியசாலைக்குப் போனார். புதிதாக வேலைக்கு வந்திருந்த சுஜாந்தி அக்கா குளிசையைக் கொடுத்து, “மூன்று நேரமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்று. விளங்கினதா?” என்று கேட்டார். மாமி, “ஓம் மிஸ்” என்று தலையசைத்தார். அன்று மாலை நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மூன்று குளிசைகளையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். தொழுகைப் பாயிலேயே மயங்கி விழுந்தார்.

உயிர் தப்பியது இறைவன் அருள். மறுநாள் வார்ட்டில் நானும் இருந்தேன். சுஜாந்தி அக்கா அழுதபடி நின்றார். அப்போது சேவையில் இருந்த எமிலியா மிஸ் வந்தார். யாரையும் ஏசவில்லை. ஒரு கதிரையை இழுத்து, மாமியின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“என்னத்துக்கு ராத்தா மூண்டையும் ஒண்டாக் குடிச்சீங்க?”

“சாப்பாட்டுக்குப் பொறகுதானே மிஸ் குடிக்கச் சொன்ன? நோன்புல சாப்பாடு எங்க மூணு நேரம்? தொறந்த பொறகுதானே வயிறாரச் சாப்பிடுற.”

“விளங்கினதா எண்டு கேக்கக்குள்ள ஓம் எண்டீங்களாமே?”

“பின்ன என்ன செய்ற? புள்ள நிண்ட நிலையில கேக்குது. பின்னால இருபது பேர் நிக்கிறாங்க. இல்லண்டு சொன்னா அதுக்கு முகம் வாடிரும்.”

மிஸ் சுஜாந்தி அக்காவைப் பார்த்தார். “கேட்டியா? ராத்தா உனக்குப் பாவம் பார்த்துத்தான் ஓம் சொல்லியிருக்கிறா. அழாதே. கதிரை ஒண்டு எடுத்து வா.”

சபையோரே, மாமியும் சுஜாந்தி அக்காவும் ஒரே தமிழைத்தான் பேசினார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவும் செய்தது. ஆனாலும் மருந்து தவறாகப் போனது! மொழி தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது என்று அன்று கண்டவர் எமிலியா மிஸ். வேலையை விட்டுவிட நினைத்த சுஜாந்தி அக்காவே அவருடைய முதல் மாணவி.

வகுப்பில் சட்டங்கள் சில இருந்தன. நின்றுகொண்டு கேட்கக் கூடாது. ‘விளங்கினதா’ என்ற சொல்லுக்குத் தடை. தவறிச் சொன்னவர் வாசலுக்குப் போய், மறுபடியும் உள்ளே வந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறார் என்று நோயாளியின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். என் வேலை, எதைக் கேட்டாலும் ‘ஓம்’ என்பது.

ஒருநாள் வகுப்பில் படித்த தினுஷன் அண்ணா காயத்துக்கு மருந்து கட்டும் முறையை எனக்கு அழகாக விளக்கினார். வாய் தவறி ‘விளங்கினதா’ என்றும் கேட்டுவிட்டார். நான் ஓம், ஓம் என்றேன். வாசலுக்குப் போய் வந்த பிறகு, “சரி, வீட்டை போய்க் காயத்தை என்ன செய்வீங்க?” என்று கேட்டார். “துணியை அவிழ்த்துப்போட்டு மஞ்சள் பூசுவேன்” என்றேன். மண்டபமே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. “உண்மையைச் சொன்ன நோயாளியைப் பார்த்துச் சிரிச்சா, அடுத்த முறை அவ பொய்தான் சொல்லுவா” என்றார். அந்த ஒரு வசனத்துக்காக நான் எத்தனை சனிக்கிழமையானாலும் வாங்கில் படுக்கலாம் என்று நினைத்தேன்.

மிஸ் கோபக்காரர் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. வகுப்புக்குப் பிந்தி வருபவர்களை அவர் மன்னித்ததில்லை. என்னைக் கடைசி வரை ‘நோயாளி’ என்றுதான் அழைத்தார். ஆனால் நோயாளிக்காக அவர் காத்திருந்த பொறுமையை வேறு எவரிடம் கண்டோம்?

அன்புக்குரியவர்களே, கண்ணீர் விட்டுக் கலைந்துபோவதற்காகவா இங்கே கூடினோம்? நேற்று நான் சுஜாந்தி அக்காவிடம் போய், “வகுப்பை இனி நீங்கள் நடத்துவீங்களா?” என்று கேட்டேன்.

“ஓம்” என்றார்.

நான் மிஸ்ஸின் வகுப்பில் இருந்தவள். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். “சனிக்கிழமை என்ன செய்வீங்க? சொல்லுங்க” என்றேன். அவர் சொன்னார்.

“விடியச் சாள்ஸ் அங்கிளிட்டப் போய் மண்டபத்துத் திறப்பை வாங்குவேன். வாங்கை நடுவில இழுத்துப் போடுவேன். மிஸ்ஸின்ர கதிரையைத் தலைமாட்டில வைப்பேன். அதில நான் இருக்க மாட்டன். புதுசா வாற பிள்ளையை இருத்துவேன்.”

இதுதான் அவருடைய உறுதிமொழி. என்னுடையது சிறியது. சனிக்கிழமை நான் அந்த வாங்கில் படுத்திருப்பேன். தாதியரே, நீங்கள் எதைக் கேட்டாலும் ‘ஓம்’ என்றுதான் சொல்வேன். எமிலியா மிஸ்ஸின் பெயரால் கேட்கிறேன், என்னை நம்பாதீர்கள்.