நோயாளி இல்லாத காலேஜ்

"அந்தக் காலேஜ்ல நோயாளி தொந்தரவே கிடையாது, அண்ணாச்சி. எனக்கு அதான் பிடிச்சிருக்கு."

ஏரல் பேருந்தில் என் முன் இருக்கைக்காரர் இப்படிச் சொன்னதும், நான் கைபேசியைப் பையில் போட்டுவிட்டேன். அவருக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், நர்சிங் சேரப்போகும் மகள். அவள் மடியில் வழவழப்பான கல்லூரிக் கையேடுகள். எதிர் வரிசையில் புறங்கை வீங்கிப்போய் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் அண்ணாச்சி.

"பொறவு யாருக்கு ஊசி போட்டுப் படிப்பாவ வே?"

"பொம்மைக்கு. அசல் மனுசன் மாதிரியே படுத்துக் கெடக்கு. ஆம்பளையத் தொடவேண்டாம், ரத்தம் பாக்கவேண்டாம். பிள்ளை உடுத்திட்டுப் போன வெள்ளை, வெள்ளையாவே வீட்டுக்கு வந்துரும்."

மகள் மெதுவாகச் சொன்னாள். "பெரியாஸ்பத்திரி காலேஜ்லயும் எனக்கு இடம் கெடைச்சிருக்குப்பா."

"அங்கன எப்பவும் சீக்காளிக் கூட்டம். உனக்கு எதுக்கு?" என்றவர், அண்ணாச்சியின் கையைப் பார்த்தார். "இது என்ன, இப்படி வீங்கியிருக்கு?"

"நேத்து புதுசா தொறந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். குளுக்கோஸ் ஏத்த நரம்பு கெடைக்காம, அந்த நர்சுப் பிள்ளை அஞ்சு எடத்துல குத்திட்டா."

"அங்கன ஏன் போனிய? பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. தெனமும் அத்தன பேருக்குக் குத்திப் பழகுன கை. வலியே தெரியாது."

"அப்ப நான் அங்கனயே படிக்கேம்பா."

"ஏட்டி, சும்மா இரி. அண்ணாச்சி வைத்தியம் பாக்கப் போறாவ. நீ படிக்கத்தான போற?"