குலவையிட்டது நான்தான்

என் பெயர் நஷ்மியா, வயது 61, காலஞ்சென்ற ஷன்ஷலின் மனைவி, இருப்பது அமாரா நகரம், மீன் சந்தைக்குப் பின் தெரு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. குடும்பம் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். மூத்த பேரன் முந்திர் பஸ்ராவில் எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளர். பேத்தி ரஃபா மருந்தியல் மூன்றாம் ஆண்டு, வகுப்பில் முதல். சின்னவன் ஐசர் கணக்குப் போட்டியில் கோப்பை வாங்கியவன். எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் இப்படி இல்லை.

மருத்துவமனையில் அறுவை அரங்கின் துப்புரவு வேலை இருபத்தொரு வருடமாக என்னுடையது. நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவருக்கு இனிப்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் தளத்தில் அந்தச் சேதியை நான்தான் சொல்வேன், வேறு யாரையும் விட்டதில்லை.

ஞாயிறு மதியம் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட முஹன்னத் என்ற பையனுக்கு டாக்டர் நிப்ராஸ் அறுவை செய்துகொண்டிருந்தார். ஒன்றரை மணி சுமாருக்குக் கதவருகே வந்து இன்னும் இரண்டு பை ரத்தம் கேட்டார். "கசிவு நின்னிருக்கு ஆத்தா. வெளியில மூச்சு விட்டுடாத" என்றார். ரத்தப் பைகளை வாங்கிவந்து கொடுத்தேன். அதன் பிறகு பையனின் வீட்டார் காத்திருந்த நடைக்கூடத்துக்குப் போய், பிழைத்துவிட்டான் என்று சொல்லிக் குலவையிட்டேன். பையனின் அம்மா என் காலைக் கட்டிக்கொண்டார். அவருடைய நாத்தனார், "ஏ கிழவி, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்! கடிக்கப் பல்லு இருக்கா?" என்று சிரித்து, கல் மிட்டாயை என் வாயில் திணித்தார்.

பத்து நிமிடம் கழித்து டாக்டர் வெளியே வந்து, பையன் இறந்துவிட்டான் என்றார். அதன் பிறகு பையனின் அண்ணன், "பொழைச்சுட்டான்னு சொன்னீங்களேடா! உசிரோட இருந்தவன உள்ள வெச்சு என்னடா பண்ணின?" என்று குளுக்கோஸ் மாட்டும் கம்பியால் டாக்டரை அடித்தார், அதன் பிறகு மற்றவர்களும் அடித்தார்கள். டாக்டரின் வலது கையில் மூன்று விரல் ஒடிந்தது. அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மிட்டாய் என் கன்னத்தில் பாதி கரைந்திருந்தது. அதன் பிறகு தரையைத் துடைத்தேன். மூன்று வாளித் தண்ணீர் ஆனது.

உயிரோடு இருந்தவனைக் கொன்றதாக பையன் வீட்டார் அவர் மேல் புகார் கொடுத்ததால், நீங்கள் அவரைக் காவலில் வைத்திருக்கிறீர்கள். என் மகன், "அம்மா, நீ வாயத் தொறந்தா அந்தப் பையனோட சொந்தக் கூட்டம் மொத்தமும் நம்ம வாசல்ல வந்து நிக்கும். புள்ளைங்களை நெனைச்சுப் பாரு" என்றான். நான்கு நாள் நினைத்துப் பார்த்தேன். பையன் பிழைத்தான் என்று டாக்டர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது நான்.

எழுதியதை அதிகாரி படித்துக் காட்டினார், நானும் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். நடந்ததற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தளத்துச் சுவரில் டாக்டர்கள் வரிசையில் இருந்த அவர் படத்தை அன்றைக்குக் கிழித்துவிட்டார்கள். அந்த இடத்தையும் சேர்த்துத்தான் தினமும் துடைக்கிறேன். அங்கே அவருடைய புதுப் படம் ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள்.

(கையொப்பம்) நஷ்மியா