பெட்டகத்துக்குள் போன சங்கிலி யாருடையது?

மகளிர் குழுக் கூட்டமைப்பின் மாண்புமிகு தலைவி சசிரேகா அவர்களே! மானாம்பதி மண்ணின் மூத்த பெரியோர்களே! வயலில் வளைந்த முதுகை இங்கே வந்து நிமிர்த்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இருபது ஆண்டுகளாக வங்கியில் உங்கள் நகைகளை உரசிப் பார்க்கும் மதிப்பீட்டாளன் புருஷோத்தமன் உங்களை வணங்குகிறேன்.

ஒரு கேள்வி கேட்கட்டுமா? ஓர் அம்மா சங்கிலியைக் கழற்றி அடகு வைக்கிறார். உரசுகிறோம், நிறுக்கிறோம், பையிலிட்டு முத்திரை வைக்கிறோம், பெட்டகத்தில் பூட்டுகிறோம். பூட்டிய பிறகு அது யாருக்குச் சொந்தம்?

“பேங்குக்குத்தான்!”

யார் அது, ராஜாராமா? தப்பு ஐயா, தப்பு! காவல்தான் வங்கிக்கு, சொந்தம் வைத்தவருக்கு. கடனையும் வட்டியையும் கட்டினால் பொட்டுத் தங்கம் குறையாமல் திரும்பும். கட்டாவிட்டால் நோட்டீசு வரும், பிறகு ஏலம் வரும். ஏலத்தில் கடன் போக மிஞ்சியதும் வைத்தவருக்கே! புருவத்தைத் தூக்குகிறீர்களே, இன்னும் இருக்கிறது. வைத்தவர் என்றால் யார்? கழுத்தில் போட்டிருந்தவரா, காகிதத்தில் கையெழுத்திட்டவரா?

நாற்று நடப் போகும் பாக்கியமேரி அம்மா, ஒழுகிய கூரையை மாற்ற மூன்று சவரன் சங்கிலியோடு வந்தார். நிலம் இருப்பதைக் காட்டும் சிட்டா இருந்தால், விவசாய நகைக்கடன் என்று வட்டி குறைவு. அவருக்கு ஏது நிலம்? நிலக்காரர் கன்னியப்பன் நல்ல மனசோடு சொன்னார்: “என் சிட்டா கீது மேரி, என் பேர்ல வெச்சிக்கோ. வட்டி கம்மியா பூடும்.”

வைத்தார். ஒரு வருடத்தில் கடைசி ரூபாய் வரை கட்டினார். மகள் ஜெனிஃபருக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்தச் சங்கிலியைக் கொண்டுதான் பணம் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வங்கி என்ன சொன்னது? கன்னியப்பனின் பயிர்க்கடன் பாக்கி. அது தீரும்வரை அவர் பெயரிலுள்ள நகையைத் தர முடியாது!

“இன்னா சார் இது? என் கய்த்துல கெடந்த செயினு சார்!”

கழுத்தா கணக்கு? காகிதமல்லவா கணக்கு! கன்னியப்பன் துடித்தார். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் பதினோரு நாள் கழித்தே வந்தது. வந்த அன்றே கடனை அடைத்தார், சங்கிலியும் வந்தது. ஆனால் கல்லூரி இடம் போயே போய்விட்டது.

அவர் பெயரில் வைக்கலாம் என்ற யோசனையைக் கன்னியப்பன் காதில் போட்டவன் யார்? நான்! வெட்கத்தோடு சொல்கிறேன், நான்தான்! வட்டியில் எண்ணூறு ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்து, ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தைச் செலவழித்துவிட்டேன்.

இந்த வருடம் ஜெனிஃபருக்கு மறுபடி இடம் கிடைத்திருக்கிறது. அந்தக் கட்டணத்துக்காக நேற்று பாக்கியமேரி அம்மா அதே சங்கிலியோடு வந்தார். “வட்டி கூடுதலம்மா” என்றேன். “இருக்கட்டும் சார். என் பேர எய்து.”

எழுதினேன். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டார்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்!