கிளியர் கொடுக்க ஆளில்லை

"வீட்டுக்குப் போகலாம்தான். கிளியர் கொடுக்க யாரிருக்கா?"

நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் போகும் வண்டியில் எதிர்ப் பெஞ்சுப் பெரியவர் இப்படிச் சொன்னதும் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்தவர் போலிருக்கிறது.

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "இன்னும் ஸ்டேஷன் பேச்சுதானாண்ணே?"

"நானாடா பேசினேன்? எல்லாம் உங்க அண்ணிதான். அடுத்த ஸ்டேஷன் கிளியர் கொடுக்காம வண்டி நகராதுன்னு ஒருநாள் சொன்னேன், புடிச்சுக்கிட்டா. மழை விட்டா கிளியர். சோறு வெந்தா கிளியர். எங்கம்மா கோவம் தணிஞ்சா, சன்னல்லேந்து, 'கிளியர், உள்ள வாங்க!' அதுவரைக்கும் நான் வாசல்லயே நிப்பேன்."

"அண்ணி போய்ச் சேர்ந்து நாளாச்சு. தினமும் இப்படி வண்டியிலேயே போய்ப் போய் வந்தா எப்படி? இந்தாங்க, நான் கொடுக்கறேன், கிளியர்! வீட்டுக்குப் போங்க."

"கூட வர்றவன் கொடுக்கக் கூடாதுடா. அடுத்த ஸ்டேஷன்லேந்துதான் வரணும்."

மைசூரில் எல்லாரும் இறங்கினோம். வண்டி மறுபடி நஞ்சன்கூட்டுக்குத் திரும்ப, இன்ஜினை அந்தப் பக்கம் கொண்டுபோய் மாட்டினார்கள். பெரியவர் மட்டும் எழுந்திருக்காமல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.