பெட்டி மேல சிலிப்பர்

ஏய், அந்த லைட் சுவிட்ச யாரும் தொடாதீங்க. இருட்டாவே கெடக்கட்டும். கதையே ஒரு சுவிட்ச பத்தித்தான்.

நம்ம பிரிக்பீல்ட்ஸ் அருணன் இருக்கான்ல, அவன் மாமா ஜெயந்திரனுக்கு நடந்தது இது. சாயங்காலம் ஏழு மணி. தெலுக் பங்லிமா காராங் பேக்டரிங்கள தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள்ள போற மண்ரோடு. விளக்கு கெடையாது... ஆள் கெடையாது. மனுஷன் தனியா பிக்கப்ப ஓட்டிட்டுப் போறாரு.

எங்க? ரோடு முடியற எடத்துல ஒரு பெரிய குட்டை. பூரா பண்டாராயா மீனு. தொட்டி கண்ணாடிய நக்கட்டும்னு வாங்கி வளப்பாங்களே, கறுப்பா, மரப்பட்ட மாதிரி தோலு... பெருசானா தூக்கி ஆத்துல வீசிடுவாங்க. அது நம்ம ஊரு மீன வாழ விடாது. அத ஒழிக்கத்தான் ஜெயந்திரன் கொண்ட்ராக் எடுத்திருந்தாரு. வலை இல்ல, மருந்து இல்ல. வெறும் சத்தம்! தண்ணிக்கடியில ஒரு துப்பாக்கிய எறக்கிட்டு, கரையில பெட்டியில சுவிட்ச அமுக்கினா, அடக்கி வச்ச காத்து வெடிக்கும். மேல 'டொப்'புனு கேக்கும், அவ்ளோதான். உள்ள இருக்கற மீனுக்கு வயித்துல காத்துப்பை கிழிஞ்சிடும். மனுஷன் இருந்தா அவனுக்கும் அதே கதிதான்.

அதனால வேலையாளுங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு. தண்ணியில எறங்குறவன் சிலிப்பர கழட்டி சுவிட்ச் பெட்டி மேல வைப்பான். அவனே ஏறி வந்து கால்ல மாட்டற வரைக்கும் எந்தக் கொம்பனும் சுவிட்ச தொடக்கூடாது.

இவரு தனியா போன அந்த சாயங்காலத்துக்கு மூணு மாசம் முன்ன, அதே குட்டையில எறங்கினவன் குகன். காப்பார் ஊர்க்காரன், தங்கமான பையன். நீல சிலிப்பர், அறுந்த வார கம்பியால கட்டியிருப்பான். துப்பாக்கியில பழைய வலை சுத்திக்கிச்சு. வேலைய பாக்க வந்த கவர்மெண்ட் ஆபிசருங்க மழைக்குப் பயந்து கார்ல ஏறிட்டாங்க. விட்டா போயிடுவாங்க. "பாஸ், இருங்க லா, ரெண்டு நிமிஷம்!"னு கத்திட்டு குகன் முங்கினான். ஜெயந்திரன் இருந்தாரா? சிலிப்பர தண்ணிக்குள்ள தட்டி விட்டாரு. அமுக்கினாரு.

போலீஸ்ல என்ன சொன்னாரு தெரியுமா? "பெட்டி மேல சிலிப்பரே இல்ல சார். ஏறிட்டான்னு நெனச்சேன். குடிச்சிருப்பான் போல." பாவி! செத்தவன் தலையிலயே பழிய போட்டான்.

குகன் பொண்டாட்டி தாமரை அழவே இல்ல. சாவு வீட்டுல இவரு மூஞ்சிய பாத்து, "அவரு சிலிப்பர் எங்க?"ன்னு கேட்டா. இவரு வாசல பாத்து நடந்தாரு. "சரி. அவரே வந்து எடுத்துக்குவாரு"ன்னா.

அதுலேருந்து ஒருத்தனும் அந்தக் குட்டைக்கு வேலைக்கு வரல. மூணு மாசம் ஓடிடுச்சு, விடிஞ்சா ஆபிசருங்க திரும்ப வர்றாங்க, மீன் மிதந்தாகணும். வேற வழி? அதான் இவரே கெளம்பிட்டாரு.

குட்டையோரம் சேத்து நாத்தம். தவள கூட கத்தல. துப்பாக்கிய எறக்கினாரு... கயிறு பாதியில நின்னுடுச்சு. எதுலயோ சிக்கிக்கிச்சு. எறங்கித்தான் ஆகணும். பூட்ஸ கழட்டினாரு. சுவிட்ச் பெட்டிக்குப் பேட்டரி கூட இன்னும் மாட்டல, பிக்கப்லயே கெடக்கு. இருந்தும் மனசு கேக்கல. வாழ்க்கையில மொத தடவையா, பூட்ஸ பெட்டி மேல வச்சாரு. பயம் எல்லாத்தையும் கத்துக் குடுக்கும்டா.

கழுத்தளவு தண்ணி. துப்பாக்கி கைக்கு வந்துச்சு. அதுல சுத்தியிருந்தது வலை இல்ல... ஒரு கம்பி. கம்பியில ஒரு நீல வார்.

திரும்பி கரைய பாத்தாரு.

பெட்டி மேல ஒரு பூட்ஸ் மட்டும் மெதுவா நகருது. ஓரத்துக்கு வந்துச்சு. 'ப்ளக்'. தண்ணியில விழுந்துச்சு. அடுத்தது நகருது... 'ப்ளக்'. கரையில ஆளே இல்ல.

"இரு... இருடா குகா... ரெண்டு நிமிஷம்!"

'டிக்'.

காலையில ஆபிசருங்க வந்து பாத்தப்ப குட்டை பூரா வெள்ள வயித்தோட மீனு. நடுவுல இவரு, ரெண்டு காதுலயும் ரத்தம். பேட்டரி பிக்கப்ல அப்படியே இருந்துச்சு, சுத்தி வச்ச வயரக்கூட பிரிக்கல.

ஆனா அது இல்ல விஷயம். முந்தின ராத்திரியே, அங்க காப்பார்ல, தாமரை கதவ தொறந்திருக்கா. வாசப்படியில சேறும் தண்ணியும் சொட்டச் சொட்ட நீல சிலிப்பர் ஜோடி. பக்கத்து வீட்டு இராஜம்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. தாமரை பயப்படல, கத்தல. குனிஞ்சு எடுத்தா. இருட்டப் பாத்து, "கெடைச்சிருச்சாங்க?"ன்னு கேட்டா. கொஞ்ச நேரம் நின்னா, யாரோ உள்ள வர வழிவிடற மாதிரி. அப்புறம் கதவ சாத்திக்கிட்டா.