அப்பாக்களின் வாரக்கணக்கு அண்ணன்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, அண்ணனின் துணைவியார் அவர்களே, அவருடைய அன்பு மகளே, பிரசவப் பிரிவுத் தோழர்களே, பின்வரிசையில் பிள்ளைகளைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கும் அப்பாமார்களே, வணக்கம். இரங்கல் கூட்டம்தான், ஆனாலும் குழந்தைகள் அழுதால் அழட்டும். யாரும் வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். என் பேச்சைவிட அந்தச் சத்தம்தான் அண்ணனுக்குப் பிடிக்கும்.

முப்பது ஆண்டுகள் நம் பதிவு அறையை ஆண்டவர் வாரக்கணக்கு அண்ணன். ஏன் அந்தப் பெயர்? எதையும் வாரத்தில்தான் சொல்வார். எனக்குத் திருமணமான புதிதில், என் மாமியார் முன்னாலேயே, "சிஸ்டருக்கு இது ஆறாவது வாரம்" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு ஆறாவது வாரம் என்றுதான் சொன்னார். மாமியார் அன்று மாலையே தொட்டில் விலை விசாரித்துவிட்டார்.

தலைப்பிள்ளைக்கு அப்பா ஆகப்போகிறவர்களின் கைப்பேசிக்கு வாரம் ஒரு செய்தி அனுப்புவார், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை. மருத்துவர் சொல்வதை அண்ணன் தன் பாணியில் எழுதுவார். "ஒன்பதாவது வாரம். அவங்களுக்குச் சாப்பாடு பிடிக்கலைன்னா, நேத்து பிடிச்சுதேன்னு கேக்காதீங்க." யார் பதில் போட்டாலும் உட்கார்ந்து பதில் எழுதுவார்.

இதை எதிர்த்தது யார்? வார்டின் தலைமைச் செவிலியரான நான்தான்! பெறுகிறவள் மனைவி, கணவனுக்கு எதற்குச் செய்தி என்று அண்ணனிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"என் பொண்ணு பொறந்தப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க சிஸ்டர். வெளியே பெஞ்ச்ல உக்காருங்கன்னு. நான் ரெண்டு வருஷம் பொண்ணைத் தூக்காம அப்படியே உக்காந்துட்டேன்."

அப்போதும் நான் மசியவில்லை. பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. முப்பத்தெட்டாவது வாரக்காரர் ஒருவருக்கு அனுப்ப வேண்டிய செய்தியை அண்ணன் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் தட்டிவிட்டார். "பையோடு தயாராக இருங்கள்." மறுநாள் காலை வார்டு வாசலில் நாற்பத்தொரு ஆண்கள், நாற்பத்தொரு பைகள்! ஒருவர் மனைவிக்கு மூன்றாம் மாதம். மனைவி எங்கே என்று கேட்டேன். "அவ வேலைக்குப் போயிருக்கா மேடம். நான் பையைக் கொண்டுவந்துட்டேன்" என்றார்.

அண்ணன் அசடு வழிந்தார். ஆனால் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. வராந்தாவில் உட்கார வைத்துப் பைகளைத் திறக்கச் சொன்னார். சவர செட் இருந்தது, சார்ஜர் இருந்தது, சொந்தத் தலையணைகூட இருந்தது. பிள்ளைக்கு ஒரு துணி இல்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். மனைவிக்கு முப்பத்திரண்டாவது வாரம், முகம் வீங்கியிருக்கிறது, தலைவலி, கண் மங்குகிறது, படுத்தால் சரியாகும் என்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆம்புலன்ஸை அனுப்பினேன். ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். இன்னும் அரைநாள் விட்டிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தாயும் பிழைத்தார், மகளும் பிழைத்தாள். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அதோ, நாற்காலிமேல் ஏறி நிற்கிறாள், பாருங்கள். அவளை இறங்கச் சொல்லாதீர்கள்.

அன்றோடு நான் எதிர்ப்பதை நிறுத்தினேன். எந்த அப்பாவையும் நான் பெஞ்சுக்கு அனுப்புவதில்லை.

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஐந்து நாள். அவருடைய கைப்பேசியை மகள் என் கையில் கொடுத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு அப்பாக்கள் அதில் இருக்கிறார்கள். அவர் எழுதிவைத்த செய்தி இப்போது தானாகப் போய்விடும், கேள்விக்கு யார் பதில் சொல்வது, நிறுத்திவிடலாமா என்று நிர்வாகத்தில் கேட்கிறார்கள். நிறுத்தலாமா? அவர் போனதோடு இதுவும் போகட்டும் என்று விடலாமா? எனக்கும் ஐந்து நாளாக அதே யோசனைதான். எனக்கு அவரைப் போல எழுத வராது.

இன்று காலை ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணா, பாப்பாவை என் கையில குடுத்துட்டாங்க. கை நடுங்குது. என்ன செய்ய?"

யோசிக்க நேரமில்லை. "நடுங்கட்டும். உக்காந்து, தலைக்கு அடியில கை குடுத்து, நெஞ்சோட சேத்துப் பிடிங்க" என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"பிடிச்சுட்டேண்ணா. தூங்கிட்டா."

நான் அண்ணன் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. தலைமை மருத்துவர் அவர்களே, நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். இனி அந்த எண்ணில் அண்ணன் நான்தான்.