சொட்டாத குழாய்

— இந்தக் குழாய்ல ஒரு கோளாறும் இல்லம்மா. வாஷர் புதுசு, பைப்பு புதுசு. பதினாறு வாரம் விடாம ‘சொட்டுது, சொட்டுது’ன்னு புகார் எழுதியிருக்கீங்க. நானும் ஸ்பேனரைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறினேன்.

— இப்ப சொட்டலன்னா எப்பவுமே சொட்டலன்னு ஆயிடுமாண்ணே?

— சமாளிக்காதீங்க. குடியிருப்பு ஆபீஸ்ல ஒரு தாள் குடுத்து அனுப்பியிருக்காங்க. எழுதினதெல்லாம் பொய்ப் புகார்னு கையெழுத்துப் போடணும். இனிமே புகார் நோட்டை உங்க கையில குடுக்க மாட்டாங்களாம்.

— ஐயோ, அது மட்டும் வேண்டாம்ணே!

— ஒரு நோட்டுக்கா இந்தப் பாடு?

— பத்து வருஷமா கதை எழுதுறேன். ராஜா கதை, பேய்க் கதை, கொலை, காதல், எதுவும் விட்டு வைக்கல. பத்திரிகைக்கு அனுப்பினா எல்லாம் போன வேகத்துல திரும்பி வந்துடும். ஒரு நாள் இந்தக் குழாய் நெஜமாவே சொட்டுச்சு. புகார் எழுதப் போனேன், கூட நாலு வரி தானா வந்துச்சு. நோட்டுல எழுதினா யாராவது ஒருத்தர் படிச்சுத்தானே ஆகணும்? அந்த அல்ப ஆசைதான். வெக்கமா இருக்குண்ணே.

— ‘ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவுல, என் மகன் போனை வைக்கறதுக்கு முன்னாடி சும்மா இருப்பானே, அவ்வளவு நேரம்.’ நாலாவது வாரம்.

— மனப்பாடமாவா வச்சிருக்கீங்க?

— என் வீட்டுக்காரிக்காக. படுத்த படுக்கையா எட்டு மாசம். டிவி பிடிக்கல, ரேடியோ பிடிக்கல, சொல்லப்போனா என்னையே பிடிக்கல. ஒரு நாள் பேச்சுவாக்குல உங்க புகாரைச் சொன்னேன். அப்புறம் வாராவாரம் நோட்டையே எடுத்துட்டுப் போய் வாசிச்சுக் காட்டணும். ‘இந்த வாரம் குழாய் என்ன சொல்லுது?’ம்பா.

— நெஜமாவா?

— காலி வாளியில ஒரு சத்தம், பாதி வாளியில வேற சத்தம்னு எழுதினீங்களே, அன்னிக்கு எங்க வீட்டுக் குழாயை லேசாத் திறந்து விடச் சொல்லிக் கேட்டுட்டே படுத்திருந்தா. ப்ளம்பர் வீட்லயே குழாய் ஒழுகுதேன்னு பக்கத்து வீட்ல ஒரே சிரிப்பு.

— ஐயோ, போன வாரம் நான் எழுதவே இல்லையே! ஆபீஸ்ல முறைச்சாங்கன்னு பயந்துட்டேன். ஏமாந்து போயிருப்பாங்களே?

— ஏமாற விடுவேனா? நானே ஒண்ணு எழுதி, நீங்க எழுதினதா வாசிச்சேன்.

— நீங்களா! என்ன எழுதினீங்க?

— ‘குழாய் சரியாயிடுச்சு. இனிமே ஒண்ணும் ஆகாது’ன்னு.

— நம்பினாங்களா?

— சிரிச்சா. ‘இது நீங்க எழுதினது. அந்தம்மா எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாங்க’ன்னா. அதுதாம்மா அவ கடைசியாப் பேசினது.